பாஸ் ஒரு புதுப் பையனை உங்க தலையில கட்டிட்டாரா? தொழில் பழக்கி விடுறது எப்படின்னு ஒரு எலக்ட்ரிஷியன் சொல்றேன்

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. சிங்கப்பூர் காக்கி புக்கிட்ல கடை ஷட்டர் பாதி தூக்கியிருக்கு, லாரில கேபிள் ரோல் ஏத்திக்கிட்டு இருக்கோம், அப்போ பாஸ் ஒரு பையனைக் கூட்டிட்டு வந்து "இவன் உன்கூட வரட்டும், கொஞ்சம் பழக்கி விடு"ன்னு சொல்லிட்டு போனைக் காதுல வச்சுக்கிட்டே போயிடுவாரு. அவ்ளோதான். எத்தனை நாள்ல பழக்கணும், எதுல இருந்து ஆரம்பிக்கணும், அவனுக்கு ஏற்கனவே என்ன தெரியும், ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பையன் புது ஹெல்மெட், கடிக்கிற புது பூட்ஸோட நின்னுக்கிட்டு உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருப்பான்.

அப்படி மாட்டிக்கிட்ட போர்மேன், கப்பாலான்னு சொல்ற குரூப் தலைவர், சீனியர் ஆளுங்களுக்காகத்தான் இத எழுதுறேன். நான் வீடு, கடை வயரிங் பாக்குற லைசென்ஸ் எலக்ட்ரிஷியன், நம்ம லைசென்ஸுக்கு 45 கேவிஏ (கரண்ட் லோடோட அளவு) வரைக்கும்தான் அனுமதி, பெரிய ஃபேக்டரி எல்லாம் நம்ம பக்கம் வராது. ஆனா பையனைப் பழக்குற விஷயம் பிளம்பிங், ஏர்கான், டைல்ஸ் எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், உதாரணம் மட்டும் மாத்திக்கங்க. நமக்குத் தொழில் தெரியும், ஆனா தொழிலைச் சொல்லிக்கொடுக்கறது வேற தொழில், அத நமக்கு யாரும் சொல்லித்தரல, அங்கதான் பிரச்சனையே.

மொத வாரம் டார்ச் பிடிக்கட்டும்

நான் தொழிலுக்கு வந்தப்போ வாய்ச்ச மொத மாஸ்டர் கெட்டவர்லாம் இல்ல. ஆனா எட்டு மாசம் எனக்கு கோப்பி வாங்குற வேலைதான். யாருக்கு கோப்பி ஓ கோசோங், யாருக்கு தே சி, யாருக்கு மைலோ பெங், ஒம்பது பேரோட கணக்கை இன்னிக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். டிபி பாக்ஸ், அதான் மெயின் சுவிட்சும் பிரேக்கரும் இருக்குற பெட்டி, அது உள்ள எப்படி இருக்கும்னு மட்டும் தெரியாது, ஏன்னா கிட்ட போனாலே "தள்ளி நில்லு"ம்பாரு, தள்ளி நின்னு அவரு முதுகைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தரோட முதுகைப் பாத்து வயரிங் எப்படிங்க கத்துக்கறது.

ரெண்டாவதா கிடைச்சவர் பழைய காலத்து ஆளு, செம்பவாங் ஷிப்யார்டுல அப்ரெண்டிஸா இருந்தவர். தெரியும்ல, வெள்ளைக்காரனோட கடற்படைத் தளம் அங்க இருந்துச்சு, தமிழங்க, மலையாளிங்க நிறைய பேரு அங்கதான் வேலை பாத்தாங்க, 1968-ல அந்த டாக்யார்டை நம்ம அரசாங்கத்துக்கிட்ட கொடுத்தப்பறம் அதான் செம்பவாங் ஷிப்யார்டு ஆச்சு. அவரு எனக்கு டூல் எதுவும் கொடுக்கல, ஒரு டார்ச்சைக் கையில கொடுத்து "நான் எங்க கை வைக்கப் போறேனோ அங்க வெளிச்சம் முன்னாடியே இருக்கணும்"னாரு. மொத ரெண்டு நாள் என் வெளிச்சம் அவரு கைக்குப் பின்னாடியே ஓடிக்கிட்டு இருந்துச்சு, திட்டு வேற. நாலாவது நாள் அடுத்து எந்த ஸ்க்ரூன்னு எனக்கே தெரிய ஆரம்பிச்சுடுச்சு. அப்புறம்தான் அவரு எனக்கு பரீட்சை வச்சிருக்காருன்னு புரிஞ்சுது. வெளிச்சம் லேட்டா வந்தா பையனுக்கு வேலையோட அடுத்த படி தெரியல, முன்னாடியே வந்தா தெரியுது. பேப்பரும் வேணாம் பேனாவும் வேணாம்.

அதனால மொத வாரம் பையன் கையில டூல் பேக் கொடுக்காதீங்க, கோப்பிப் பையும் கொடுக்காதீங்க, டார்ச்சைக் கொடுங்க. ஹெட் லேம்ப் இருக்குல்லன்னு சொல்லுவீங்க, இருக்கு, ஒரு வாரத்துக்குக் கழட்டி வைங்க. கோப்பி வாங்கவே கூடாதுன்னு சொல்லல, எல்லாரும் முறை போட்டு வாங்கினா நீங்களும் ஒரு நாள் போங்க, பையன் அத மறக்கவே மாட்டான்.

இதுல இன்னொண்ணு, வர்ற பையனுங்க ஒரே மாதிரி இருக்க மாட்டாங்க. ஒரு பையன் ஈஷூன்ல இருந்து வருவான், ஐடிஇன்னு அரசாங்கத் தொழிற்கல்லூரில படிச்சவன், ஓம்ஸ் லா கேட்டா டக்குனு சொல்லுவான், சர்க்யூட் டயகிராம் படிப்பான், ஆனா எட்டடி ஏணியில ஏறுனா கால் ஆடும், ஃபால்ஸ் சீலிங் மேல தூசியில தலைய விடுன்னா யோசிப்பான். இன்னொரு பையன் புதுக்கோட்டை, சிவகங்கை பக்கமிருந்து வருவான், சென்னையில டெஸ்ட் சென்டர்ல ரெண்டு மூணு மாசம் ஒரே பலகையில ஒரே சர்க்யூட்டைத் திரும்பத் திரும்ப அடிச்சுப் பழகி சர்டிபிகேட் வாங்கியிருப்பான், அந்தப் பலகைய கண்ணைக் கட்டிக்கிட்டு அடிப்பான், ஆனா எச்டிபி வீட்டுச் சுவத்துல, அதான் அரசாங்க அடுக்குமாடி வீடு, அதுல பைப் எந்தப் பக்கமா ஓடுதுன்னு கேட்டா முழிப்பான். அதோட ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் தலைமேல இருக்கும், அதனால தெரியலன்னு சொல்லவே பயப்படுவான், எல்லாத்துக்கும் "தெரியும்ணே" தான். மொதல் ஆளுக்கு கையும் காலும் பழகணும், ரெண்டாவது ஆளுக்கு தெரியலன்னு சொல்லப் பழகணும். ரெண்டாவதுதான் கஷ்டம், அத நீங்கதான் ஆரம்பிச்சு வைக்கணும். நான் என்ன பண்ணுவேன்னா மொத வாரத்துலயே பையன் முன்னாடி எனக்குத் தெரியாத ஒரு மாடல் ஏதாவது வந்தா, தெரியலப்பா மேனுவலப் பாப்போம்னு சத்தமாவே சொல்லுவேன். அண்ணனே தெரியலன்னு சொல்றாருன்னா நாமளும் சொல்லலாம் போலன்னு அவனுக்குத் தோணும்.

பேச்சு தமிழ்லயே இருக்கட்டும், அதுல கூச்சமே வேணாம், தாய்மொழில கேட்டா மண்டையில ஏறும். ஆனா பொருளோட பேரு மட்டும் டிராயிங்ல என்ன எழுதியிருக்கோ அதையே சொல்லிப் பழக்குங்க. "அந்தச் சின்ன டப்பா", "அந்த மஞ்சப் பச்ச வயரு"ன்னு பழக்கிட்டீங்கன்னா நாளைக்கு வேற சைட்ல சீன சூப்பர்வைசரோ பங்களாதேஷ் ஆளோ ஐசொலேட்டரை, அதான் கரண்டை மொத்தமா வெட்டுற சுவிட்சை, ஆஃப் பண்ணுன்னு கத்தும்போது பையன் பராக்கு பாத்துக்கிட்டு நிப்பான், அது உயிருக்கே ஆபத்து.

தொடுறதுக்கு முன்னாடி

இந்த ஒரு பகுதிய மட்டும் அவசரமே இல்லாம சொல்லிக்கொடுங்க. மத்ததுல தப்பு பண்ணா பொருள் போகும், இதுல ஆளே போயிடுவான். நம்ம ஊர்ல வீட்டுக்கு வர்றது 230 வோல்ட், கை வழியா உடம்புல பாஞ்சா போதும்.

மொதல்ல டெஸ்ட் பென்னை பையன் பாக்கெட்டுல இருந்து எடுத்துடுங்க. அந்த ஸ்க்ரூடிரைவர் மாதிரி லைட் எரியுற பேனா இருக்கே அது இருக்கலாம்னு சொல்லும், இல்லன்னு உறுதியா சொல்லாது. ரெண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டர்தான் பாக்கணும். எப்படின்னா, பிரேக்கரை ஆஃப் பண்ணி பூட்டு போட்டு டேக் மாட்டியாச்சு, இப்போ நேரா போய் அந்த வயரைப் பாக்கக் கூடாது. மொதல்ல கரண்ட் இருக்குன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரு இடத்துல டெஸ்டரை வச்சுப் பாரு, காட்டுதா, சரி டெஸ்டர் உயிரோட இருக்கு. அப்புறம் நீ வேலை பாக்கப்போற இடத்துல லைவ் நியூட்ரல், லைவ் எர்த், நியூட்ரல் எர்த் மூணையும் பாரு, ஒண்ணும் காட்டல. இத்தோட நிறுத்துறவங்கதான் நிறைய பேரு. இல்ல, மறுபடியும் அந்தத் தெரிஞ்ச இடத்துக்கே போய் டெஸ்டரைத் திரும்ப வச்சுப் பாரு. ஏன்? நடுவுல டெஸ்டர் பேட்டரி செத்துப் போயிருந்தா "ஒண்ணும் காட்டல"ங்கறது பொய்யாயிடும்ல. இந்த மூணு தடவையையும் பையன் வாயால சொல்லிக்கிட்டே பண்ணணும், ஒரு மாசத்துக்கு தினமும், நீங்க பக்கத்துல நின்னு கேக்கணும். போரடிக்கும், அடிக்கட்டும்.

அடுத்தது கலரு. இது ஐடிஇல படிச்ச பையனுக்கே சறுக்குற இடம், ஏன்னா அவன் படிச்சது புதுக் கலரு மட்டும்தான். 2009-க்கு முன்னாடி போட்ட வயரிங்ல சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். அதுக்கப்புறம் பிரவுன் லைவ், நீலம் நியூட்ரல்னு மாத்திட்டாங்க. சிங்கிள் ஃபேஸ்ல பிரச்சனை கம்மி. த்ரீ ஃபேஸ்லதான் விவகாரமே, புது முறையில பிரவுன், கறுப்பு, சாம்பல் மூணுமே லைவ். அதாவது பழைய கடையில நியூட்ரலா இருந்த அதே கறுப்பு புது கடையில கரண்ட் ஓடுற வயரு. பழைய முறையில நீலம் ஒரு ஃபேஸு, புதுசுல அதே நீலம் நியூட்ரல். தேக்கா பக்கம் பழைய கடைவீடுங்கள்ல பாதி பழசு பாதி புதுசுன்னு கலந்து கிடக்கும், நடுவுல எவனோ ஒருத்தன் கையில கிடைச்ச கலர்ல இழுத்திருப்பான். அங்க பையனைக் கூட்டிட்டுப் போய் டிபி மூடியைத் திறந்து காட்டி "எது நியூட்ரல் சொல்லு"ன்னு கேளுங்க. கலரைப் பாத்துச் சொன்னான்னா இன்னும் பழகல. டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாதுண்ணேன்னு சொன்னான்னா அன்னிக்கு அவனுக்கு பிரியாணி வாங்கிக்கொடுங்க.

ஆர்சிசிபி பத்தியும் இங்கயே சொல்லிடுங்க. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கட் பண்ற அந்த டப்பா எதுக்குன்னு புரியாம "அடிக்கடி ட்ரிப் ஆகுது, பைபாஸ் பண்ணிடலாமா"ன்னு கேக்குற வீட்டுக்காரங்க இருக்காங்க, சரிங்கன்னு பண்ணிக்கொடுத்த ஆளுங்களும் இருக்காங்க. 1985-க்கு முன்னாடி கட்டின வீடுங்கள்ல இது இல்லாமலே இருந்துச்சு, 2023 ஜூலையில எல்லா வீட்டுக்கும் கட்டாயம்னு ஆக்கி, இல்லாதவங்களுக்கு 2025 ஜூலை வரைக்கும் டைம் கொடுத்தாங்க. அப்போ அங் மோ கியோ, தோ பாயோ பக்கம் பழைய வீடுங்கள்ல ஆர்சிசிபி மாட்டுற வேலை நிறைய வந்துச்சு, நான் ரெண்டு பையனுங்களை முழுக்க அதுலயே பழக்குனேன். ஒரே வேலை, ஆனா ஒவ்வொரு வீட்டுலயும் வேற வேற கோளாறு. பழக்குறதுக்கு அந்த மாதிரி வேலைதான் லட்டு மாதிரி.

காட்டுறதுலயும் ஒரு முறை இருக்கு

நம்மள்ல முக்காவாசி பேரு "பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டு நம்ம ஸ்பீடுக்கு மடமடன்னு பண்ணிட்டு "புரிஞ்சுதா"ன்னு கேப்போம், பையன் தலைய ஆட்டுவான், ஆட்டாம என்ன பண்ணுவான். நம்ம கைக்கு இருவது வருஷப் பழக்கம், நாம என்ன பண்றோம்னு நமக்கே தெரியாது, கை தானா பண்ணுது. அதனால நான் ஒரே வேலைய நாலு தடவை பண்ணுவேன்.

13 ஆம்பியர் சாக்கெட் மாட்டுறத எடுத்துக்கங்க. மொத தடவை பேசாம என் நார்மல் ஸ்பீடுல பண்ணிக் காட்டுவேன், முடிஞ்சா எப்படி இருக்கணும்னு அவன் கண்ணுக்குத் தெரியணும். ரெண்டாவது தடவை ஆமை வேகத்துல, ஒவ்வொண்ணுக்கும் ஏன்னு சொல்லிக்கிட்டே. இன்சுலேஷனை இவ்ளோதான் உரிக்கணும், அதிகமா உரிச்சா செம்பு வெளிய தெரியும், கம்மியா உரிச்சா ஸ்க்ரூ இன்சுலேஷன் மேல போய் உக்காரும். உரிக்கும்போது கத்தி செம்புல கீறக் கூடாது, கீறுன இடம் நாளைக்கு ஒடியும், சூடாகும். எர்த் வயரைக் கொஞ்சம் நீளமா விடு, எவனாவது சாக்கெட்டைப் பிடுங்கி இழுத்தாக்கூட கடைசியா கழலுறது எர்த்தா இருக்கணும். ஸ்க்ரூ டைட் பண்ணிட்டு ஒவ்வொரு வயரையும் பிடிச்சு ஒரு இழு இழுத்துப் பாரு. மூணாவது தடவை நான் பண்ணுவேன், ஆனா வாய் அவனோடது, அவன் சொன்னாதான் என் கை நகரும். அவன் ஒரு படியை விட்டுட்டான்னா என் கையும் அந்தப் படியை விட்டுட்டு அப்படியே தப்பா பண்ணிடும், அவனே பாத்து ஐயையோம்பான். நாலாவது தடவைதான் கை அவனோடது, வாயும் அவனோடது, நான் என் கையை பாக்கெட்டுல வச்சுக்குவேன். நிஜமாவே பாக்கெட்டுல. வெளிய இருந்தா தாங்காது, "கொடு இப்படி"ன்னு பிடுங்கத் தோணும்.

பிடுங்குற பழக்கம்தான் நம்ம ஆளுங்ககிட்ட இருக்குற பெரிய வியாதி. அவன் பத்து நிமிஷம் எடுத்தா நமக்கு ரெண்டு நிமிஷம், நேரமாச்சுன்னு பிடுங்கிடறோம், இப்படி ஒரு வருஷம் பிடுங்கிட்டு அப்புறம் "பையனுக்கு ஒண்ணுமே தெரியல"ன்னு பாஸ்கிட்ட போய் சொல்றோம்.

நம்ம கோயில்ல இதையெல்லாம் பாத்திருக்கீங்களா தெரியல. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம் 2023 பிப்ரவரில நடந்துச்சுல்ல, அதுக்கு முன்னாடி இந்தியாவுல இருந்து சிற்பிங்க வந்து வேலை பாத்தாங்க. சிற்ப வேலையில ஒரு முறை உண்டு, பழகுற பையனுக்கு மொதல்ல அரைக்கிறது கலக்குறது, அப்புறம் மடிப்பு, ஆபரணம், முகம் ரொம்பக் கழிச்சுத்தான் கைக்கு வரும், கண்ணைத் திறக்குறது கடைசியா பெரியவரே பண்ணுவாரு. நம்ம தொழில்லயும் அப்படித்தான் பிரிச்சு வச்சுக்கணும். ட்ரங்கிங், அதான் வயர் ஓடுற மூடி போட்ட பட்டை, அத அடிக்கிறது, கண்டுயிட் பைப் வளைக்கிறது, கேபிள் இழுக்குறது எல்லாம் தைரியமா சீக்கிரம் கொடுத்துடலாம், தப்பு பண்ணா பைப்பு ஒண்ணு வீணாகும், போகட்டும். டிபி உள்ள கனெக்‌ஷன் மடிப்பு ஆபரணம் மாதிரி, ஆறு மாசம் போகட்டும். டெஸ்ட் பண்ணி கரண்ட் கொடுக்கறது கண்ணு.

தப்பு பண்ணுவான், அப்போ என்ன பண்றது

எனக்கு வாய் ஜாஸ்தி, ஒரு காலத்துல சைட்டே அதிரும். ஒரு பையன் கடை ஒண்ணுல எர்த் வயரை சரியா டைட் பண்ணாம விட்டுட்டான், அவனுக்கே சாயங்காலம் ஞாபகம் வந்திருக்கு, ஆனா என்கிட்ட சொன்னா திட்டுவேன்னு சொல்லாம விட்டுட்டான். மறுநாள் எர்த் கண்டினியூட்டி, அதான் எர்த் வயர் எங்கயும் விட்டுப்போகாம இருக்கான்னு பாக்கும்போது மீட்டர்ல மாட்டுச்சு, ஏன்டா சொல்லலன்னு கேட்டேன், "நேத்து நீங்க ரொம்பக் கோவமா இருந்தீங்கண்ணே"ன்னான். அன்னிக்குத்தான் உறைச்சுது, நான் திட்டுனதுல தப்பு ஒண்ணும் கொறையல, ஒளியத்தான் ஆரம்பிச்சிருக்கு. ஒளிஞ்ச தப்பு வயரிங்ல இருந்தா அது வீட்டுக்காரன் கையில போய் வெடிக்கும்.

இப்போ ரூல் மாத்திட்டேன். தானா வந்து சொன்ன தப்புக்குத் திட்டு கிடையாது, சேந்து சரி பண்ணுவோம். நானா கண்டுபிடிச்ச தப்புக்கு உண்டு. சேஃப்டில விளையாடுனா மட்டும் எந்த ரூலும் கிடையாது, அன்னிக்கு வேலைய நிறுத்தி லாரில உக்கார வச்சுடுவேன், பாஸ் கேட்டாலும் சரி.

இன்னொரு விளையாட்டு, பையன் சாப்பிடப் போயிருக்கும்போது கரண்ட் இல்லாத சர்க்யூட்ல நானே வேணும்னு ஒரு கோளாறு வச்சுடுவேன், ஒரு நியூட்ரலைக் கழட்டி விடுறது இல்ல லைவையும் நியூட்ரலையும் மாத்திப் போடுறது, அப்புறம் மீட்டரைக் கொடுத்து கண்டுபிடின்னு சொல்லிட்டு பக்கத்துல உக்காந்துக்குவேன். வயரிங் அடிக்கிறவன் நாலு காசு பாப்பான், கோளாறு கண்டுபிடிக்கிறவன்தான் நிலைச்சு நிப்பான்.

நோட்டு போடச் சொல்லுங்க

ஜெர்மனில எலக்ட்ரிஷியன் ஆகணும்னா மூணரை வருஷம் அப்ரெண்டிஸ், கம்பெனில வேலை, நடுவுல தொழிற்பள்ளில படிப்பு. அங்க பழகுற ஒவ்வொரு பையனும் என்ன வேலை பாத்தோம்னு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே வரணும், அந்த நோட்டு இல்லாட்டி கடைசிப் பரீட்சைக்கே உக்கார முடியாது. அந்த முறையைப் பாத்துத்தான் இங்கயும் 1990-ல ஒரு அப்ரெண்டிஸ் திட்டம் கொண்டு வந்தாங்க, ஐடிஇ அப்போ கிடையாது, அது 1992-லதான் வந்துச்சு. அதுக்கும் முன்னாடி 1972-லயே டாட்டா கம்பெனியும் நம்ம அரசாங்கமும் சேந்து பயிற்சி நிலையம் ஒண்ணு திறந்தாங்க, மறுவருஷம் கேமரா கம்பெனி ரோலை, 1975-ல பிலிப்ஸ். நாடு ஃபேக்டரிக்கு ஆள் பிடிக்க அலைஞ்ச காலம் அது, புத்தகத்துல கத்துக்கொடுத்தா பத்தாது மெஷின் முன்னாடி நிக்கணும்னு அப்பவே புரிஞ்சு வச்சிருந்தாங்க.

நம்ம பையனுக்கு நோட்டு பெருசா வேணாம். தினமும் சாயங்காலம் லாரில வரும்போது நாலு வரி, என்ன பண்ணேன், எதுல மாட்டுனேன், நாளைக்கு என்ன கேக்கணும். ஊர்ப் பையனுங்க எழுதக் கூச்சப்படுவாங்க, அவங்களுக்கு வாட்ஸ்ஆப்ல வாய்ஸ் அனுப்பச் சொல்லுங்க, ஒரு நிமிஷம் பேசட்டும், கூட ரெண்டு போட்டோ, மூடி போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டப்புறம் ஒண்ணு. நீங்க வெள்ளிக்கிழமை ஒரு கால் மணி நேரம் அத உக்காந்து கேளுங்க. எங்க மாட்டுதோ அங்க அடுத்த வாரம் வேலை கொடுங்க. ஒரே பையன் மூணு வாரமா ட்ரங்கிங் மட்டும்தான் அடிக்கிறான்னு நோட்டுல தெரிஞ்சா, தப்பு அவனோடது இல்ல, நீங்க வசதிக்காக அவனை அங்கயே நிறுத்தி வச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

இவனைப் பழக்கி விட்டா ஓடிப்போயிடுவான்னு பாஸ் சொன்னா

கண்டிப்பா சொல்லுவாரு. அப்போ நியாயம் பேசாதீங்க, கணக்கு பேசுங்க. கட்டுமானத்துல இந்தியாவுல இருந்து வர்ற ஒர்க் பெர்மிட் ஆளுக்கு 2024 ஜனவரியில இருந்து பாஸ் அரசாங்கத்துக்குக் கட்டுற மாச லெவி பேசிக் ஸ்கில்டுன்னா 900 வெள்ளி, ஹையர் ஸ்கில்டுன்னா 500 வெள்ளி. ஒரு ஆளைப் பழக்கி டெஸ்ட் பாஸ் பண்ண வச்சு மேல தூக்கிட்டா மாசம் 400 மிச்சம், வருஷத்துக்கு 4,800, அஞ்சு ஆளுன்னா 24,000 வெள்ளி. பாஸ் கால்குலேட்டரை எடுப்பாரு பாருங்க. அந்த மிச்சத்துல கொஞ்சமாவது பையன் சம்பளத்துல ஏறணும்னு அதே மூச்சுல சொல்லிடுங்க, ஏறலன்னா அவன் ஓடத்தான் செய்வான், அது நியாயமும்தான். லெவிய ஆளோட சம்பளத்துல பிடிக்கக் கூடாதுங்கறது சட்டம், அதையும் பையனுங்களுக்குச் சொல்லி வைங்க.

முன்னாடி பேசிக் ஸ்கில்டு ஆளு 14 வருஷம், ஹையர் ஸ்கில்டு 26 வருஷம்தான் இங்க வேலை பாக்கலாம்னு வரம்பு இருந்துச்சு, 2025 ஜூலைல அத எடுத்துட்டாங்க, வயசு வரம்பும் 63 ஆச்சு. நல்லா நடத்துனா ஆள் ரொம்ப வருஷம் இருப்பான், அப்போ பழக்குறதுக்குப் போடுற காசு எங்க வீணாகுது?

ஐடிஇ பையனா இருந்தா வேற பாதை. ஒர்க் ஸ்டடி டிப்ளமான்னு ஒண்ணு இருக்கு, 2018-ல வேற பேர்ல ஆரம்பிச்சது, கம்பெனில சம்பளத்தோட வேலை, பெரும்பகுதி நேரம் வேலை இடத்துலயே பயிற்சி, மிச்சம் காலேஜ். நம்ம வீடுகள்ல அப்பா அம்மாவுக்கு இது தெரியறதில்ல, ஐடிஇன்னாலே சொந்தக்காரங்ககிட்ட மெதுவாத்தான் சொல்லுவாங்க. அவங்களுக்கு ஒண்ணு சொல்லுங்க, ஐடிஇ முடிச்ச சிங்கப்பூர்ப் பையன் 30 வயசுக்குள்ள டிப்ளமா சேர்ந்தா அரசாங்கம் படிப்புக் கணக்குல 5,000 வெள்ளி போடுது, டிப்ளமா முடிச்சா சிபிஎஃப்ங்கற ஓய்வுக்காலச் சேமிப்புல 10,000 வெள்ளி, 2024 பட்ஜெட்ல அறிவிச்சது. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கம்பெனில பையன் கேக்க வேண்டியது ரெண்டே ரெண்டு: என்னைப் பழக்கப் போறவர் யாரு, அவரை இப்போ பாக்கலாமா? பேரு சொல்லத் தெரியலன்னா, வேற இடம் பாக்கச் சொல்லுங்க.

கடைசியா சாவி கொடுக்குற நாள்

எத்தனை மாசம்னு கேக்காதீங்க, பையனைப் பொறுத்தது. எனக்கு அடையாளம் என்னன்னா, அவன் அடுத்த புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்குறத ஒளிஞ்சு நின்னு கேப்பேன், "ஏன்"ங்கற வார்த்தை வருதான்னு. "இப்படிப் பண்ணு"ன்னு மட்டும் சொன்னா இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

அப்புறம் ஒரு மூணு ரூம் வீடு, முழு ரீவயரிங், சாவியை அவன் கையில கொடுத்து நீயே பண்ணுன்னு விட்டுடுவேன். தினமும் நடுவுல ரெண்டு தடவை போய்ப் பாப்பேன், லைசென்ஸ் என்னோடது, கையெழுத்தும் என்னோடது, அதுல சமாதானமே கிடையாது, கடைசி டெஸ்ட் நான் நின்னு பாக்காம கரண்ட் ஏறாது. மத்த நேரம் கீழ வாய்ட் டெக்ல, அதான் புளோக்குக்கு அடியில இருக்குற திறந்த இடம், அங்க கல் மேஜையில உக்காந்து கோப்பி ஓ குடிச்சுக்கிட்டு இருப்பேன். மேல ட்ரில் சத்தம் நின்னா வயித்தக் கலக்கும், ஏறிப் போய்டலாமான்னு இருக்கும், போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்.

போன மாசம் அப்படித்தான் ஒரு பையன், நாலரை மணிக்கு கூப்பிட்டான். "அண்ணே எல்லாம் முடிஞ்சுது, மெயின் ஆன் பண்ணலாமா, வர்றீங்களா." எர்த் பாத்தியா, பாத்தேன், இன்சுலேஷன் 500 வோல்ட்ல பாத்தியா, பாத்தேன், போலாரிட்டி, லைவும் நியூட்ரலும் மாறாம இருக்கா, ஆச்சுண்ணே. சரி டெஸ்டரைக் கடைசியா எங்க வச்சுப் பாத்தன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "இருங்கண்ணே, ரெண்டு நிமிஷத்துல கூப்பிடுறேன்"னு வச்சுட்டான். நான் இன்னொரு கோப்பி சொன்னேன்.